ஏறும் அழுத்தத்துக்குக் காரணம் தேடியது

சென்ற ஆண்டு மாசி மாதம், லெந்து நோன்புக் காலம் தொடங்குவதற்கு முந்திய கிழமை, பல்லுப் பிடுங்கப் போயிருந்தேன். இரத்த அழுத்தத்தை அளந்த வைத்தியர் பல்லைத் தொடவே இல்லை. "முதலிலை இதைப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த உடம்பு. குடி, சிகரெட் இல்லை. கச்சேரிக்கு, அந்த அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறவன்.

என் அண்ணையும் அப்படித்தான் இருந்தார். அறுபதாவது வயதில், சவரம் செய்துகொண்டு நின்ற இடத்திலேயே விழுந்தார். வலப்பக்கம் வழங்காமல், பேச்சும் போய், நாலு ஆண்டுகளாக நெல்லியடியில் கட்டிலோடு கிடக்கிறார். அவருக்கு எதனால் பிறசர் ஏறியது என்று எவரும் சொல்லவில்லை. எனக்கு அறுபது வர அதிக காலம் இல்லை.

அழுத்தத்தை இறக்கக் குளிசை தந்தார்கள். இறங்கவில்லை. இன்னொன்று சேர்த்தார்கள். சிறுநீரகத்தை ஸ்கான் செய்து பார்த்தார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஊரில் நடப்பவற்றைத் திகதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். மழை, மரணங்கள், ஆலயக் கூரை மாற்றியது எல்லாம் என்னிடம் இருக்கும். என் உடம்பையும் அப்படி விளங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கனடாவிலிருந்து மகள் கோபித்துக் கதைத்த நாளையும் அலுவலகத்தில் சண்டை வந்த நாளையும், தினமும் அளந்து எழுதிய அழுத்தத்தோடு ஒப்பிட்டேன். எதுவும் பொருந்தவில்லை. நிம்மதியாக இருந்த நாட்களிலும் ஏறியது. மருத்துவப் புத்தகங்கள் வாங்கி வாசித்ததில், வாசித்த நோயெல்லாம் எனக்கு இருப்பதுபோல் பட்டது. கருவாட்டை நிறுத்தினோம். கறியில் உப்பு அரைவாசியானது.

"இந்தச் சொதியைத் திண்டா எனக்கும் பிறசர் ஏறும்" என்றாள் மனைவி.

புரட்டாதியில் கெண்டைக்கால் இறுகி வலிக்கத் தொடங்கியது. சைக்கிள் மிதிக்கப் பலமில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. கிளினிக்கில் இருந்த இளம் பெண் டொக்டர் அந்தத் தாளை இரண்டுதரம் பார்த்தா.

"ஐயா, வேற மருந்து ஏதும் எடுக்கிறியளோ?"

"இல்லை."

"கசாயம், லேகியம்?"

"நான் உதுகளை நம்பிறதில்லை, டொக்டர்."

"அப்ப பொக்கற்றுக்குள்ளை கிடக்கிறது என்னப்பா?" கூட வந்திருந்த மனைவி இடையில் புகுந்தாள். "டொக்டர், உவர் அதிமதுரம் சப்பிறவர். ஆடு குழை திண்டமாதிரி, நாள் முழுக்க."

"அது மருந்தே? அது பாடுறதுக்கு" என்றேன்.

எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் அது ஒரு வழக்கம். ஓகன் வாத்தியத்துக்கு மேல் ஒரு தகரப்பேணியில் அதிமதுர வேர்த்துண்டுகள் இருக்கும். ஞானப்பாட்டுத் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டை வாயில் போடுவோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிடித்த இருமலுக்குப் பிறகு மேற்சுரத்தில் என் குரல் உடைந்தது. அதனால் வீட்டிலும் அலுவலகத்திலும் சப்பத் தொடங்கினேன். வெற்றிலை போடுகிறவன் அதை மருந்து என்று சொல்வானா?

டொக்டர் சிரிக்கவில்லை.

"அந்த வேர் உடம்பிலை உப்பைப் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்தைக் கழிச்சுவிடும். ஒவ்வொரு நாளும் சப்பினா பிறசர் ஏறும். இண்டையோடை விடுங்கோ."

விட்டேன். சில கிழமைகளில் கால்கள் தேறின. அழுத்தம் இறங்கியது, ஒரு குளிசையையும் குறைத்தார்கள். ஆனாலும் முழுதாக இறங்கவில்லை. இன்னமும் சில காலைகளில் காரணம் இல்லாமல் ஏறும்.

"மிச்சத்துக்கு என்ன காரணம், டொக்டர்?"

"எல்லாத்துக்கும் காரணம் பிடிக்கேலாது, ஐயா. வயசு இருக்கு, குடும்பம் இருக்கு. குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ."

குடும்பம் என்று அவ சொன்னது எனக்குள் நின்றுவிட்டது. அண்ணையும் அதே பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவர். அதே பேணிக்குள் கைவிட்டவர். அவரும் நாள் முழுக்கச் சப்பியிருந்தால் அவர் விழுந்ததற்கு அது காரணமாக இருந்திருக்கலாம். அந்த வேரை நான் விட்டுவிட்டேன், தப்பிவிடலாம். அவர் சப்பவில்லை என்றால், எங்கள் இரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது. எது உண்மை என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை நெல்லியடிக்குப் போனேன்.

"ஆர் கண்டது, தம்பி?" என்றா மச்சாள், அண்ணையின் மனைவி. "எந்த நேரமும் வாய்க்குள்ளை என்னவோ கிடக்கும். ஏலமோ, கராம்போ."

கட்டில் ஓரத்தில் அமர்ந்து அண்ணையையே கேட்டேன். "அண்ணை, வீட்டிலையும் அதிமதுரம் சப்பினனீங்களோ?"

என்னை உற்றுப் பார்த்தார். "ஓம்" என்று ஒப்புக்கொண்டார்.

நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கினது போலிருந்தது. மச்சாள் தலையணையைச் சரிசெய்துகொண்டே, "மாத்தியும் ஒருக்காக் கேளுங்கோ, தம்பி" என்றா.

"நீங்கள் அதை வாயிலையே வைக்கிறேல்லை, என்ன அண்ணை?"

"ஓம்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான் என்று மச்சாள் சொன்னா. பிறகு அண்ணை இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தபோதும் விடவில்லை. நான் திரும்பவும் அமர்ந்துகொண்டேன்.