ஒன்பதாவது பால்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் பக்கத்து வீட்டு வங்கிக்காரர் தன் கியர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார். சக்கரத்தைச் சுற்றினால் கரகர. "அண்ணாச்சி பழைய சைக்கிள் கடை ஆளல்லே, ஒண்ணு நோக்கித் தாங்க" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முட்டிவலியை மறந்து குத்தவைத்தேன். சக்கரத்தின் நடு ஹப்பைத் திறந்தால் அச்சில் திருகும் கோனும் இல்லை, உதிரி இரும்புக் குண்டுகளான பால்ஸும் இல்லை. எல்லாம் சேர்ந்த ஒரே வளையம். கெட்டால் முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டுமாம். "எண்ண வேண்டாமா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. கையைக் கழுவி முகர்ந்தால், தொடாத மண்ணெண்ணெய் மணக்கிறது.

மண்ணெண்ணெய் என்றால் எனக்கு ஆரியசாலைதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, இருபத்திரண்டு வயதில் அங்கே ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். பாதி நேரம் வாய்தான் பார்த்தேன், அது வேறு விஷயம். ஹப்பைப் பிரித்து, பால்ஸை சோப்பு டப்பாவில் மண்ணெண்ணெய் விட்டு அலசி, துணியில் பரப்பி எண்ண வேண்டும். பின்சக்கரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது. ஒன்று தொலைந்தால் ஒன்பதையும் மாற்ற வேண்டும். பழையவை தேய்ந்து சிறுத்திருக்கும். நடுவில் புதுசு ஒன்றைப் போட்டால் சுமை மொத்தமும் அதன் தலையில் விழும். கடையில் ஒரு வாரம் நின்றவனுக்கும் இது தெரியும்.

மீன்காரர் சைக்கிள் வந்தால் மட்டும் கடையில் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டி, பின் ஹப் உள்ளே கறுப்புக் குழம்பாக இருக்கும். மூக்கு அடைத்தவன் நான்தான் என்பதால் விழிஞ்ஞம் கடற்கரை பத்ரோஸ் என் பங்குக்கு வந்தார். சைக்கிளை விட்டுவிட்டுப் போகமாட்டார். மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என் தலைக்கு மேலேயே நிற்பார்.

"அண்ணாச்சி, வேகம் ஆவட்டு. மீனு சீத்தையாவும்."

அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு, குடியை நிறுத்தியிருந்தார். "ஒரு துள்ளி தொடல, அண்ணாச்சி. செலினுக்கு சத்தியம் செஞ்சாச்சு" என்று மனைவி பேரைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கை தட்டி ஒரு பால்ஸ் உருண்டு சாக்கடையில் விழுந்தது. கடையில் புதுசு ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. மீதி எட்டுக்குச் சாலைக் கடைத்தெரு வரை ஓட வேண்டும். அவரோ ஐஸ் உருகுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒன்றைப் போட்டு, கிரீஸை அள்ளி அப்பி மூடினேன். சக்கரம் என்னவோ வெண்ணெயாகத்தான் சுற்றியது.

மூன்றாம் நாள், ஓர் இறக்கத்தில் பின்சக்கரம் இறுகி, லாரிக்கு அடியில் போய்விட்டார். குடித்துவிட்டு விழுந்தார் என்று ஊரே சொன்னது. அவர் பழைய பேர் அப்படி.

இரண்டு வாரம் கழித்து செலின் அந்த சைக்கிளைப் பின்பக்கம் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். தம்பிக்குக் கொடுக்கணும், சரியாக்கித் தரணும் என்றாள். ஹப்பைத் திறந்தேன். எட்டு பழையது முழுசாக இருந்தது. நான் போட்ட பளபளப்பு மட்டும் இரண்டாகப் பிளந்து, கோனில் ஆப்பாக இறங்கியிருந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "பூசைக்குப் போனா பள்ளியில கூட அதுதான் பேசுது, அண்ணாச்சி. எனக்கு சத்தியம் செஞ்சுட்டு மறைச்சுக் குடிச்சாரோ? உங்ககிட்ட வல்லதும் சொன்னாரா?"

'இல்லம்மா, தொடலைன்னுதான் சொன்னார்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால், பின்னே எப்படி விழுந்தார் என்று கேட்பாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

ஒன்பதும் புதுசாகப் போட்டுக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். மீன் ஸ்கூட்டரில் வருகிறது. கரகர சத்தம் காதை விட்டுப் போகாமல், வியாழக்கிழமை பஸ் ஏறி விழிஞ்ஞம் போனேன். செலினிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சாயாக்கடையில் விசாரித்தேன்.

"யாரு, குடிச்சிட்டு லாரியில போய் விழுந்த பத்ரோஸோட பெண்டாட்டியா?" என்றார் கடைக்காரர். "அவ மரிச்சுப் போயி வருஷம் எத்தனையோ ஆச்சல்லோ. நீங்க சொல்றது அந்த பத்ரோஸ்தானே?"

"ஆமா" என்றேன். "அந்த பத்ரோஸ்தான்."