முதல் காட்சியில் செத்தவன்

சாவதற்குக்கூட ஒத்திகை வேண்டும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. உப்பளம் ஏரியாவில் ஏசி ரிப்பேர் பார்க்கிறவன் நான். கூடப் படித்தவன் ஒரு கொலைப் படம் எடுத்தான். "மொதல் சீன்லயே நீ சாவுற மச்சான். தலைப்பு வர்றதுக்குள்ள ஜனம் மூச்சப் புடிச்சிக்கினு உக்காரணும்" என்றான். திரையில் முகம் காட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. பிணமானால் என்ன, முகம் முகம்தானே!

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பக்கம்தான் காட்சி. ஓர் ஐஸ் பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே கேமராவை வைத்திருந்தான். தரையோடு தரையாகப் பார்க்கும் கேமரா, நடக்கிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். வெட்டே இல்லாத ஒரே ஷாட். இசை கிடையாது, மார்க்கெட் இரைச்சல்தான். கூட்டத்தில் ஒருவன் என்னை இடித்துவிட்டுப் போவான். கத்தியைக் காட்டவே மாட்டார்கள். நான் கேமராவுக்கு நேரே விழுந்து துடித்து, பல்லிடுக்கில் வைத்திருக்கும் சாய மாத்திரையைக் கடித்தால் வாயோரம் ரத்தம் வழியும். சுற்றிலும் கால்கள் நிற்காமல் போக வேண்டும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத ஊர் என்பதுதான் அவன் கதையே. மார்க்கெட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் கேமராவைப் பார்ப்பார்களாம்.

விழுந்தேன், துடித்தேன். மாத்திரையைக் கடிப்பதற்குள், குருசுக்குப்பத்திலிருந்து வந்து மீன் விற்கிற அக்கா ஒருத்தி, "ஐயையோ, வலிப்புடி! இரும்பு குடுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை உருவி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இன்னும் நாலைந்து பேர் என்னைத் தூக்க வந்துவிட்டார்கள். போச்சு! நண்பன் தலையில் அடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான்.

"சினிமாவா?" என்றாள் அவள். "தூ, வெளங்குமா இது? என் உசுரே போயி வந்துச்சு."

நண்பன் எல்லாரிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். "அக்கா, அவன் என்னா பண்ணாலும் கிட்ட வராதீங்க. வெயில் ஏறிட்டா பர்மிஷன் முடிஞ்சிடும்." எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மாத்திரையைக் கழுவி மறுபடி வாயில் போட்டுக்கொண்டேன். இதுவும் கெட்டால் என்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவானே என்று பயம். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே விழுந்தேன்.

விழுந்த வேகத்தில் மாத்திரை தொண்டைக்குள் போய் அடைத்துக்கொண்டது.

இரும முடியவில்லை. கத்தவும் முடியவில்லை. ஈரத் தரையைக் கையால் அடித்தேன். கால்கள் சொன்னபடி, ஒன்றுகூட நிற்காமல், என்னைத் தாண்டிப் போயின. பெட்டியின் ஓட்டையைப் பார்த்துக் கையை நீட்டினேன். "அப்படித்தான் மச்சான், விடாத!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அடப்பாவி! கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் என் பெண்ணை ட்யூஷனிலிருந்து கூட்டிவர வேண்டுமே, யார் போவார்கள் என்றுதான் நினைத்தேன்.

உள்ளங்கையில் சில்லென்று இரும்பு பட்டது.

"நடிப்போ கிடிப்போ, என்னால பாத்துக்கினு நிக்க முடியலடா சாமி!" அவளேதான். "அக்கா, நவுருங்க!" என்று நண்பன் கத்துகிறான். அவள் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "டேய், மூஞ்சப் பாருடா பாவி! நீலம் பூத்துக் கெடக்குது!" என்னைக் குப்புறச் சாய்த்து முதுகில் வைத்தாள் பாருங்கள் ஓர் அறை! மாத்திரை தெறித்துப் போய் மீன் செதிலுக்கு நடுவில் விழுந்தது. மூச்சு வந்ததும் வெட்கமே இல்லாமல் அழுதேன். கையிலிருந்த சாவிக்கொத்தை மட்டும் விடவில்லை. அவள்தான் விரல் விரலாகப் பிரித்து வாங்கிக்கொண்டாள்.

படத்தில் அந்த இரண்டாவது ஷாட்தான் இருக்கிறது. "என்னா நடிப்புய்யா!" என்கிறார்கள். அவளையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். கால்கள் போய்க்கொண்டே இருந்தன. என் கை ஓட்டையை நோக்கி நீண்டது. இரைச்சல் மெல்ல அடங்கி, திரை கறுத்தது. தலைப்பு வந்துவிட்டது. அவள் கை வருவதற்குச் சற்று முன்னால் வெட்டியிருந்தான்.

"நான் எங்கடா?" என்றாள் இருட்டில்.

"நீங்க வரலக்கா."

அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீ செத்துல்ல போயிட்ட?"