கல்யாண மண்டபம் மறுத்த எகிப்துப் பூசாரி

சென்ற ஆனியில், சீசன் நேரத்தில் தென்காசிக்குப் போனேன். குளிக்க அல்ல, பேச. என் தோழி சஃபியா நடத்தும் வாசகர் வட்டத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எகிப்துத் தலைமைப் பூசாரி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். இடம், இலஞ்சியில் ஒரு கல்யாண மண்டபம்.

மதுரையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துப் பதினொன்றரைக்குத் தென்காசியில் இறங்கினால், சஃபியா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, மண்டபத்துக்காரரு முடியாதுங்காரு. நாளைக்கு முகூர்த்தமாம். மம்மி கதையெல்லாம் அங்கன பேசப்பிடாதாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை வாங்கி, "அண்ணாச்சி, அவர் வாழ்ந்த கதையத்தான் சொல்லப்போறேன். செத்த கதைய இல்ல" என்றேன்.

"எப்படியும் செத்தவருதானம்மா" என்றார்.

அப்படிப் பார்த்தால் வரலாறு என்று எதையுமே பேச முடியாது. மாதக்கணக்கில் படித்ததை மூட்டை கட்டிக்கொண்டு திரும்ப எனக்கு மனமில்லை. ஆட்டோக்காரரிடம் குற்றாலத்துக்கு விடச் சொன்னேன். ஐந்து கிலோமீட்டர், இருநூறு ரூபாய். பேச்சுக்கு வர இருந்தவர்களையும் சஃபியா போனில் அங்கேயே வரச் சொன்னாள்.

பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. தலையில் எண்ணெயோடு பெண்கள் கூட்டமாகக் காத்திருந்தார்கள். சும்மா இருப்பவர்களுக்குக் கதை கசக்குமா? குரலை உயர்த்தினேன்.

"அவரும் நம்மள மாதிரி குளியல் பைத்தியந்தான். பகல்ல ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை, பச்சைத் தண்ணியில. உடம்புல ஒரு முடி இருக்கக்கூடாது."

"தலையுமாக்கா?"

"தலையும்."

சிரிப்பு எழுந்தது. எண்ணெய்த் தலைகள் நெருங்கி வந்தன. ராஜாவின் குதிரை லாயத்தில் வேலையைத் தொடங்கியவர், கோயிலின் கடைசிப் படியில் சேர்ந்து, ஒரு பதவியையும் தாண்டிக் குதிக்காமல் ஏறி, அறுபதை நெருங்கும்போது தலைமைப் பூசாரி ஆனார். அந்த வாழ்க்கையைத் தன் சிலையிலேயே எழுத்தாக வெட்டவைத்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது போலீஸ் விசில் ஊதியது. தடை நீங்கிவிட்டது. பாதிக் கூட்டம் எழுந்தது. எனக்கு அழுகை முட்டியது.

முன்னால் இருந்த, ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா மட்டும் அசையவில்லை. "ஏட்டி, இரிங்க. அருவி அங்கனயேதான விழப்போவுது? நீங்க சொல்லுங்கக்கா, செலையில என்ன எழுதுனாரு?"

எழுந்தவர்களில் பலர் உட்கார்ந்தார்கள். முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் குளித்தேன்.

போகிறவர்கள் கவனிக்க: சீசனில் தடை எப்போது விழும், எப்போது நீங்கும் என்று யாருக்கும் தெரியாது. மாற்றுத்துணியும் பொறுமையும் எடுத்துப் போங்கள். சொல்லக் கதை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், மண்டபத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டேன். ஈரத்தலையோடு மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டேன். "பேசி முடிச்சாச்சு அண்ணாச்சி. பொண்ணு மாப்பிள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.