கொழுந்து ஆட்டத்தில் பாதி என்னுடையது

நோர்வூட்டைத் தாண்டி நல்லதண்ணிக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் சிறிய கடைவீதியில் பெட்டரி சார்ஜ் பண்ணும் கடையை முதன்முதலில் போட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குள் தொலைக்காட்சி வந்ததும் என்னால்தான். மின்சாரம் எட்டிப் பார்க்காத ஒற்றையறைக் காம்பராக்களில் லொறி பெட்டரியை வைத்து அதைப் பேச வைத்தேன். அலுமினியச் சட்டி மூடியை வெட்டி அன்டனா செய்து, பனி மூடிக் கிடந்த நாட்களிலும் படம் விழ வைத்திருக்கிறேன். ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றவிட்டு மாரியம்மன் கோயிலில் விளக்கு எரிய வைத்தேன். மேல்மாடி வைத்துக் கடை கட்டினேன். பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிப் படிக்க வைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை. இந்த விசயங்களெல்லாம் ஊருக்குத் தெரியும், மேடையில் ஏற்றி மாலை போட்டும் சொல்லியிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் விடப் பெரிய ஒன்றை நான் செய்திருக்கிறேன். அதை மட்டும் இன்றுவரை ஒருவரும் என் கணக்கில் சேர்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கம்ப்யூட்டர் என்ற சொல்லையே பாதிப் பேர் கேட்டிராத காலத்தில், எங்கள் தோட்டத்து ஆட்களுக்காக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப்பட்டது. செய்தவர்கள் நானும் மாஸ்டரும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்க வந்து, என் கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். ஒல்லியான ஆள். வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மாட்டார். “இஞ்சத்தைக் குளிர் எலும்பைத் தின்னுது அண்ணை” என்று கையைத் தேய்த்துக்கொண்டே படியிறங்கி வருவார். நான் போட்டுக் கொடுக்கும் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு, இதைத் தேயிலை என்று எப்படிச் சொல்கிறீர்கள், நல்லதெல்லாம் கப்பலில் போய்விட்டதா என்று தினமும் கேட்பார். “நல்லது வெள்ளக்காரனுக்கு, தூளு நமக்கு, ஓசிச் சாயம் மாஸ்டருக்கு” என்று நானும் தினமும் சொல்வேன். வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒரு தோட்டத்துத் துரை வேலையை விட்டுப் போகும்போது பங்களாச் சாமான்களை விற்றார். கடைக்கு உதவும் என்று உடைந்த வானொலிகளை மொத்தமாக எடுத்து வந்தேன். அந்தக் குவியலுக்குள் ஒரு கறுப்புத் தட்டு கிடந்தது. மேலே சாம்பல் நிற ரப்பர்க் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்து. பழுதான டைப்ரைட்டர் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் கண்டதும் சாயக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணை, இது கொம்பியூட்டர்!” பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு நண்பர் வீட்டில் இதே பெட்டியில் விளையாடியிருக்கிறாராம். டிவியில் பொருத்தினால் படம் வரும், பாட்டுக் கேட்கிற கசெட்டில்தான் விளையாட்டுகள் இருக்கும் என்றார். அதோடு வந்த மின்பெட்டி கருகிப்போயிருந்தது. அது இல்லாமல் இது செத்த பிணம் என்று அவர் முகம் தொங்கிவிட்டது. படித்த மனுசன் அந்த இடத்தில் நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை. லொறி பெட்டரியின் வேகம் இதற்குக் கூடுதல். அதைக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்னச் சுற்று கட்டினேன், சூடாகும் இடத்தில் ஒரு சட்டி மூடித் துண்டைத் திருகிவிட்டேன். டிவியில் வெள்ளைத் திரை விழுந்தது. கீழே ஒரு வரி ஆங்கிலம். மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் சாயக் கோப்பை கவிழ்ந்தது.

பெட்டியோடு கிடந்த கசெட்டுகளை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. ஓடவிட்டால் காதைக் கிழிக்கும் ஒரு கிரீச்சொலி வரும். திரையின் ஓரமெல்லாம் வரிவரியாக நிறம் ஓடும். ஒரு சாயம் குடித்து முடிகிற நேரம் காத்திருக்க வேண்டும். நாடா கொஞ்சம் நெளிந்திருந்தாலும் எல்லாம் வீண், திரும்பவும் முதலிலிருந்து. அப்படிக் காத்திருந்து பார்த்தால் ஏணியில் ஏறுகிற குள்ளன் ஒருவன், அல்லது வானத்திலிருந்து இறங்குகிற பூச்சிகளைச் சுடுகிற கப்பல். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியையும் பெட்டரியையும் தலையில் சுமந்து லயத்துக்குக் கொண்டுபோவோம். காம்பராவுக்குள் ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். விளையாடக் கட்டை அமுக்கத் தெரியாதவர்களுக்காக நாலு டோர்ச் லைட் சுவிச்சுகளைப் பலகையில் பதித்து மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான் ஒரு கைப்பிடி செய்தேன். அதுவும் என் வேலைதான்.

ஆனால் அந்தக் குள்ளன் எங்கள் பெண்களுக்குச் சலித்துப்போனான். “எதுக்கு இந்த ஆளு ஏணியில ஏறிக்கிட்டே இருக்கான்? கூரைக்குத் தகரம் போடப் போறானா?” என்று ஒருத்தி கேட்டாள். அன்று திரும்பி வரும் வழியில்தான் நான் மாஸ்டரிடம் சொன்னேன், நம்ம ஆட்களை வைத்து ஒன்று செய்யுங்கள் என்று. யோசனை என்னுடையது. பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் வேலையை அவர் செய்தார். தோட்டம் எப்படி ஓடுகிறது என்று நான் சொன்னேன். கொழுந்தெடுக்கிற பெண் நிரைக்குள் எப்படிப் போவாள், அட்டை எங்கே ஏறும், கங்காணி எந்த முக்கில் நிற்பார், சங்கு ஊதுவதற்குள் கூடை நிறையாவிட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? பனங்காட்டில் பிறந்தவர் தேயிலை நிரையைக் கண்டாரா! மாதக்கணக்கில், அவர் பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தோம். அவர் தட்டுவார், நான் பக்கத்தில் நின்று “இல்லைங்க மாஸ்டர், அட்டை இவ்ளோ வேகமா ஓடாது” என்பேன்.

ஒரு சொல்லுக்காக எங்களுக்குள் சண்டையே வந்தது. விளையாடுகிறவருக்கு மூன்று வாய்ப்பு. அதை “உயிர்” என்று போட வேண்டும் என்றார் அவர். “உயிர் எண்டுதான் அண்ணை எல்லா ஆட்டத்திலயும் இருக்கு.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் பதிவில் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தாலோ, கங்காணியோடு வாய் காட்டினாலோ பேரை வெட்டிவிடுவார்கள். அன்றைக்குச் சம்பளம் இல்லை. “உசுரு போறதுக்கு யாருங்க மாஸ்டர் இங்க பயப்படுறா? பேரு போறதுதான் பயம். பேருன்னு போடுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார். அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினார். மேலே “பேரு மூன்று” என்று இருக்கும். அட்டை கடித்தால் “பேரு இரண்டு”. எல்லாம் போனால் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் “பேரு வெட்டியாச்சு”.

அதை லயத்தில் காட்டிய முதல் ஞாயிறு போல ஒரு நாள் என் வாழ்க்கையில் திரும்ப வரவில்லை. முதலில் கைப்பிடியை வாங்கியவள், கொழுந்தெடுக்கிற விரல்களாலேயே சுவிச்சுகளைத் தட்டினாள். பின்னாலிருந்து பத்துக் குரல். “ஏய், கங்காணி வாறான்டி, கீழ எறங்கு!” “அட்டை, அட்டை, கால ஒதறு!” உண்மையான கங்காணியும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நான் என்னா இப்படியா ஒங்கள வெரட்டுறேன்?” என்று அவர் கேட்க, “நீங்க இத விட மோசம் கங்காணி, இதாவது மொனையில திரும்புது” என்று ஒரு பெரியவள் சொன்னாள். காம்பரா அதிர்ந்தது. திரையில் பேர் வெட்டப்பட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். வாழ்நாள் முழுக்க அவர்களை அழவைத்த ஒரு காரியத்துக்கு அவர்கள் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மாஸ்டர் என் பக்கம் திரும்பி, “நீங்கள் சொன்ன சொல்லுத்தான் அண்ணை சரி” என்றார்.

அந்தச் சொல்தான் அவரைக் கொண்டுபோனது.

அந்த நாட்களில் நாட்டில் எங்கேயாவது குண்டு வெடித்தால் இங்கே பொலிஸ்காரர்கள் அடையாள அட்டை பார்க்க வருவார்கள். யாழ்ப்பாணத்து முகவரி என்றால் கேள்வி நீளும். ஒரு பிற்பகல் அப்படி வந்தவர்கள் மேல்மாடிக்கு ஏறினார்கள். மாஸ்டர் புதிதாகச் சேர்த்த ஒரு பகுதியைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடி ஏறினேன். திரையில் பெரிய எழுத்தில் அந்த வரி நின்றது. கூட வந்திருந்த கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு மேலதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார்: “நம கபலா.” பெயர் வெட்டியாயிற்று. அவருக்குத் தெரிந்த தமிழில் வெட்டுவது கத்தியால் வெட்டுவது மட்டும்தான். ஆட்டம் என்று காட்ட மாஸ்டர் ஒரு கட்டையைத் தட்ட, மேலே வந்த “பேரு மூன்று” என்பதையும் அந்த ஆளே வாசித்துச் சொன்னார். மூன்று பெயர் என்று ஏன் போட்டிருக்கிறது, யாருடைய மூன்று பெயர், வெட்டியது யார் என்று மேலதிகாரி கேட்டார். மாஸ்டர் விளக்கத் தொடங்கினார். அதற்குள் ஒருவர் கசெட்டை எடுத்து என் கசெட் வானொலியில் போட்டார். கிரீச்சொலி வந்தது. இது என்ன சங்கேதம் என்றார்கள். பெட்டியையும் கசெட்டுகளையும் மாஸ்டரையும் ஒரே வாகனத்தில் ஏற்றினார்கள்.

நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே பொலிஸ் ஸ்டேசனுக்குப் போனேன். விசாரிக்கிற மேசைக்கு முன்னால் மாஸ்டரை நிறுத்தியிருந்தார்கள், கம்பளிச் சட்டை இல்லாமல். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: பெட்டி என்னுடையது. யோசனை என்னுடையது. அந்தச் சொல்லைப் போடச் சொன்னவன் நான், அது தோட்டத்துச் சொல், எந்தக் கங்காணியைக் கூப்பிட்டும் கேளுங்கள். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பெருமை பேசியிருக்கிறேன். அன்றைக்குப் பேசியதுதான் ஒரு உயிருக்காகப் பேசியது. அதிகாரி ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். அந்த வரியை ஆங்கில எழுத்தில் எழுது என்றார். எழுத எனக்குத் தெரியாது. பேனையைப் பிடித்தபடியே நின்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி மாஸ்டரைக் கேட்டார், இவன் சொல்வது உண்மையா?

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு முதலில் தமிழில், பிறகு உடைந்த சிங்களத்தில் சொன்னார். “இவருக்கு இதில ஒண்டும் தெரியாது. ஏபீசீ கூடத் தெரியாத மனுசன். பற்றரி சார்ஜ் பண்ணித் தாறவர், அவ்வளவுதான். எல்லாம் நான் தனியச் செய்தது.”

என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று செய்த வேலையை ஒரே வாயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்று பொருமினேன். வீட்டு வாசலில் இறங்கி, பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டபோதுதான் அவர் என்ன செய்தார் என்று புரிந்தது. புரிந்த பிறகும் அந்தக் கோபம் போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. இரண்டு பேர் ஒரே கதையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு பேராகப் போயிருப்போம். அவர் தனியாகப் போனார். அங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். அந்த வேறு இடத்தில் அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். அவருடைய அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என் கடையில் உட்கார்ந்திருந்தார். கொடுக்க என்னிடம் ஒரு கம்பளிப் போர்வை மட்டும்தான் இருந்தது. மடித்துத் தந்தேன். அதன் பிறகு அவரும் வரவில்லை.

லயங்களுக்கு மின்சாரம் வந்தது, பெட்டரிக்கு வேலை போனது. கடைக்குள் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். விலை உயர்ந்தது, நிறமெல்லாம் கண்ணைப் பறிக்கும். பேரப்பிள்ளைகள் அதில் கார் ஓட்டினார்கள், ஆட்களைச் சுட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன். கொழுந்தெடுக்கிறவள் எதிலும் இல்லை. எங்கள் ஆட்டத்தை விளையாடியவர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், மிச்சமிருப்பவர்கள் அப்படி ஒன்று இருந்ததா, இல்லை நான்தான் அளக்கிறேனா என்று தங்களுக்குள் கேட்கிறார்கள். கசெட் இல்லை, பெட்டி இல்லை. என் வாய் மட்டும் இருக்கிறது. அதை யார் நம்புவார்கள்?

போன மாதம் பாடசாலையின் பழைய மாணவர்கள் சிலர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல உத்தியோகம். கம்ப்யூட்டர் அறைக்கு மாஸ்டரின் பெயரை வைக்கப் போகிறார்களாம். வாசலில் பதிக்கும் கல்லில் எழுதப் போகும் வாசகத்தை வாசித்துக் காட்டினார்கள்: மலையகத்தின் தமிழ்க் கணினி விளையாட்டைத் தனி ஒருவராக உருவாக்கியவர். மாஸ்டருடைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஐயாதான் அப்போது அவருக்குப் பெட்டரி சார்ஜ் பண்ணிக் கொடுத்தவராமே என்றும் ஒருவர் மரியாதையாகச் சொன்னார்.

பிள்ளைகளே, கல்லை வையுங்கள், அறைக்கு அவர் பெயரையே வையுங்கள், நானே வந்து பூப் போடுகிறேன். ஆனால் “தனி ஒருவராக” என்பதை எடுங்கள். அது விசாரணை மேசைக்கு முன்னால், என்னை வீட்டுக்கு அனுப்புவதற்காக அவர் சொன்ன பொய். பொய்யைக் கல்லில் அடிக்காதீர்கள். அவருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயரையும் எழுதுங்கள். அன்றைக்கு நான் நிற்கக் கேட்ட இடம் அதுதான்.