மேரி ஆடவில்லை

இன்று மகள் மேரி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் படத்தை மங்கலம்பேட்டை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். அந்த வருஷ மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டவள். இருப்பது இந்த ஒரு படம். குடும்பமாக நின்ற அதிலும் அவள் முகம் மட்டும் புகை மாதிரி இருக்கும்.

அன்று படம் எடுத்தவன் "பொண்ணு ஆடிடுச்சு" என்றான். என் நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள்: "ஒரு நிமிஷம் நிக்கத் தெரியல அவளுக்கு."

"நான் ஆடவே இல்லம்மா" என்று மேரி அழுதாள். அந்தக் குரல் இன்னும் காதில் கேட்கிறது.

ஸ்டுடியோப் பெண் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள்.

"ஆடியிருந்தா அவங்க மட்டும்தான் கலங்கியிருப்பாங்க ஆயா. பின்னாடி சுவரும் கலங்கியிருக்குது பாருங்க. கோயில்ல இருட்டு. அதான் லென்ஸுக்குள்ள இருக்கிற ஓட்டைய, அப்பர்ச்சர, முழுசா தொறந்துட்டாரு. அப்படித் தொறந்தா ஒரு வரிசைதான் தெளிவா விழும். முன்வரிசையில விழுந்துடுச்சு."

"இப்ப தெளிவாக்க முடியுமா?"

"படத்துல விழாத முகத்த எங்கேருந்து ஆயா கொண்டாரது?"

வீட்டில் படத்தை மாட்டி, "நீ ஆடலடி" என்று சொன்னேன். காதில் அவள் குரல் நிற்கவில்லை.

மேரியைப் பின்னே தள்ளி, தன் விருத்தாசலம் பீங்கான் மாதா சிலையைக் காட்டிக்கொண்டு முன்னே நின்ற நாத்தனாருக்கு மூக்குத்திகூடப் பளிச்சென்று இருக்கிறது. அவளை மட்டும் மங்கலாக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.