விண்டோஸ் கேட்ட நாற்பத்தெட்டு இலக்கங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. எனக்குச் செம்பூரில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை. எங்கள் சந்தில் யார் வீட்டு லேப்டாப் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எதிர்வீட்டு அக்காவின் மகள் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்திருந்தாள். விண்டோஸ் போதாது, லினக்ஸ் என்ற இயங்குதளமும் வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தது அவளுடைய அப்பாவின் லேப்டாப். அவர் அதற்கு முந்தைய வருடம் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார். கையிலிருந்த போனும் அன்றே போய்விட்டது. மகள் கைக்குழந்தையாக இருந்தது முதல் அவர் எடுத்த வீடியோக்கள் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. எடுத்தது அவர் என்பதால் எதிலும் அவர் முகம் இருக்காது. "இங்க பாரு, அப்பாவப் பாரு" என்று குரல் மட்டும் கேட்கும்.

"தம்பி, மொதல்ல இதெல்லாம் ஒரு பென்டிரைவுல ஏத்திக்கிடலாமா?" என்று அக்கா கேட்டார்.

"விண்டோஸ் அப்படியே இருக்கும்க்கா. பக்கத்துல லினக்ஸ் போடுதேன், அவ்வளவுதான். டென்ஷன் எடுக்காதிய. பத்து தடவ பண்ண வேல இது."

உண்மையைச் சொன்னால், பென்டிரைவ் தேடிப்போகச் சோம்பல்.

இடம் ஒதுக்கி லினக்ஸை ஏற்றினேன். அது கிளம்ப அடம்பிடித்தது. லேப்டாப்பின் உள் அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்பு என்று இருந்ததையெல்லாம் அணைத்தேன். சிப்பில் உள்ள சாவிகளை அழிக்கவா என்று ஒரு எச்சரிக்கை வந்தது. முழுதாகப் படிக்காமல் சரி என்று அழுத்தினேன். லினக்ஸ் ஜம்மென்று வந்தது. மகள் கைதட்டினாள். அடுத்து விண்டோஸைத் திறந்தேன். நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்றது.

அந்த டிஸ்க் வாங்கிய நாளிலிருந்தே தானாகவே பூட்டப்பட்டிருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது. அதைத் திறக்கும் சாவியைத்தான் நான் சற்றுமுன் அழித்திருந்தேன். இன்னொரு பிரதி இணையத்தில் அவருடைய கணக்கில் இருக்கும். அதற்குள் போக அவர் மொபைல் நம்பருக்கு ஓடிபி வரவேண்டும்.

"அந்த நம்பர் இருக்காக்கா?"

புருஷன் போன பிறகும் அக்கா அந்த நம்பருக்குத் தினமும் அடிப்பாராம். சுவிட்ச் ஆஃப் என்று வரும், அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாராம். ஒருநாள் யாரோ ஒரு பெண் "ஹலோ" என்றாளாம். நம்பர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதோடு அடிப்பதை விட்டுவிட்டார்.

அந்த நம்பருக்கு அவரை மறுபடியும் அடிக்கச் சொன்னவன் நான். அக்கா மனப்பாடமாகவே அடித்தார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் புருஷன் செத்தது, லேப்டாப், வீடியோ எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிபி என்ற வார்த்தை வந்ததும் லைன் கட்டானது. பிறகு அடித்தால் போகவே இல்லை.

என் போனிலிருந்து முயற்சி செய்கிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி. பாவம், அந்தப் பொம்பள பயந்திருப்பா. ஓடிபி யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதான எங்களுக்குச் சொல்லிக்குடுத்த?"

குத்திக்காட்டவில்லை. அந்தப் பெண் செய்தது சரி என்பதைத்தான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீ போடவா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். வழியில்லை. மகள் அதே லேப்டாப்பில் லினக்ஸில்தான் படிக்கிறாள். போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அண்ணா, அதெல்லாம் அழிஞ்சிரல்லல்லா?" என்று கேட்டாள். அழியவில்லை என்றேன். அழிந்துவிட்டது என்றால் அழுது ஆறியிருப்பார்கள். இருக்கிறது, ஆனால் கேட்க முடியாது என்று ஒரு வீட்டையே காத்திருக்க வைத்துவிட்டேனே என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.