அண்ணியின் கட்டைவிரலும் என் மொழிபெயர்ப்பும்

இந்த வருடம் நான் ஒரே அறையில், ஒரே நிமிடத்தில், இரண்டு மொழிகளில் பொய் சொன்னேன். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

என் அண்ணி பாக்கியம் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணமாகி வந்த வாரமே கூடையைத் தூக்கியவர். கொழுந்து பறிப்பது என்றால் என்ன? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கிள்ளு. பிறகு இன்னொன்று. முப்பது வருடமாக.

வலது கட்டைவிரல் மணிக்கட்டோடு சேருகிற அடிமூட்டில் வலி தொடங்கி இரண்டு வருடமாயிற்று. தைலம் தேய்த்தார், துணி சுற்றினார், மாத்திரை விழுங்கினார். மூட்டில் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை. போத்தல் மூடியைத் திருக முடியாது. சட்டைக் கொக்கி போட முடியாது. மற்றப் பெண்கள் தேயிலை நிரையில் முன்னே போய்விட, அண்ணி மட்டும் பின்னால் தங்கிவிடுவார்.

அண்ணன் ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழுகிறவர். அண்ணிக்குச் சிங்களம் கடைவீதி அளவுக்குத்தான் வரும். பதுளையில் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற நான் இருக்கும்போது என்ன கவலை? கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் இளைஞர், பொறுமைசாலி. எக்ஸ்ரேயைக் காட்டி எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கினார். மூட்டு தேய்ந்துவிட்டது. கம்பி வைத்து இரண்டு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டவைக்கலாம். வலி போகும், கிள்ளுகிற பலமும் இருக்கும். ஆனால் அந்த மூட்டு இனி ஒருபோதும் அசையாது. உள்ளங்கையைத் தட்டையாக வைக்க முடியாது. வேறொரு ஒபரேஷனும் உண்டு – அதில் விரல் அசையும், பலம்தான் கொஞ்சம் குறையலாம்.

"யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "என்னா தம்பி சொல்றாரு?"

"கம்பி வச்சு மூட்ட இறுக்குவாங்களாம் அண்ணி. வலி போயிருமாம்."

"பெறகு மடங்குமா?"

"பழகப் பழக சரியாயிரும்."

அண்ணி என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். "எல்லாம் விளங்கிவிட்டதாம், சம்மதமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால் பயந்து எழுந்துபோய் பஸ் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். நல்லதுக்குத்தானே... கவனித்திருக்கிறீர்களா? நாம் 'நல்லதுக்குத்தானே' என்று சொல்லும்போதெல்லாம் வெட்டுப்படுவது வேறு யாரோ ஒருவருடைய கைதான்.

ஒபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். பிறகு கம்பியை எடுத்தார்கள். புது எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது என்று டொக்டர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். அண்ணி கட்டைவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். தோட்டத்து லயக் குடியிருப்பின் அடுப்படியில் அண்ணி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். நான்கு விரல்கள் மாவில் படிந்தன. கட்டைவிரல் படியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் மாவில் ஒரு குழி விழுந்தது.

"பழகணும்னு சொன்னீங்கள்ல... இன்னும் எத்தன நாளாகும் தம்பி?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தன் தட்டைப் பார்த்தார். நான் மாவைப் பார்த்தேன்.

"மடங்காது அண்ணி. ரெண்டு எலும்பையும் ஒட்டியாச்சு. டொக்டர் அன்னைக்கே சொன்னாரு. வெரல் அசையிற மாதிரி வேற ஒபரேஷன் இருக்குன்னும் சொன்னாரு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

அண்ணி மாவைத் தட்டி முடித்தார். அந்த ரொட்டியைக் கல்லில் போட்டார், திருப்பினார், எடுத்து என் தட்டில் வைத்தார். குழியோடு.

"கிள்ளுறப்ப வலிக்காதுன்னா இதுக்கே நான் சரின்னு சொல்லியிருப்பேன் தம்பி. ஆனா அத நான்தானே சொல்லியிருக்கணும்? கை என்னோடது."



பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்று உறைத்தது. என் உத்தியோக காலம் முழுவதும் தோட்டத்து ஆட்களுக்காக எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். உதவி செய்கிறவன் என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். அங்கே அவர்கள் சார்பில் சொல்லப்பட்ட 'சரி'களில் எத்தனை அவர்களுடையவை? எத்தனை என்னுடையவை? பசறை வருவதற்குள் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன். உடம்புக்கு ஆகாது.

ஒபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து அண்ணி மறுபடி நிரையில் இறங்கினார். இப்போது கிள்ளினால் வலியில்லை. யாருக்கும் பின்னால் தங்குவதுமில்லை. அந்த விஷயத்தில் டொக்டர் சொன்னது அப்படியே நடந்தது.

போன மாதம் இடது கட்டைவிரலில் வலி தொடங்கியது. மறுபடி கிளினிக். இந்தத் தடவை வேறு யாரையாவது கூட்டிப்போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். என்னைத்தான் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே நிறுத்தி ஒரு நிபந்தனை போட்டார்.

"டொக்டர் எவ்வளவு நேரம் பேசுறாரோ, நீங்களும் அவ்வளவு நேரம் பேசணும்."

பேசினேன். இரண்டு ஒபரேஷனையும், அவற்றின் நல்லது கெட்டதையும், ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அண்ணி குறுக்கே ஐந்து கேள்வி கேட்டார். ஐந்தையும் கொண்டுபோய், ஐந்து பதிலையும் கொண்டுவந்தேன்.

"இப்போதைக்கு ஊசி போதும்னு சொல்லுங்க. மத்தத வீட்டுல போய் யோசிக்கிறேன்."

அப்படியே சொன்னேன். டொக்டர் தலையாட்டி, கார்டில் எழுதி, நர்ஸ் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"தனக்கு ஒரு பிளேன் டீ கொண்டுவரச் சொல்றாரு அண்ணி" என்றேன். "சீனி கம்மியா."